குளித்த தண்ணீருக்கு ஒரு விதி

மலையில் மழை பெய்தால் குற்றாலத்தில் அருவி கொட்டும். அந்த மழையால் மேலகரத்தில் எங்கள் கிணற்றில் ஒரு சொட்டும் ஊறாது. இது எங்களுக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் லாட்ஜ் கட்ட அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுகிறபோது யாருக்கும் அது நினைவுக்கு வருவதில்லை. சாரல் விழுகிறது, கூட்டம் வருகிறது, அறை கிடைக்காமல் ஜனங்கள் பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடக்கிறார்கள் என்பதுதான் கண்ணுக்குத் தெரியும். எழுபதுகளின் நடுவில் என் கணவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தார். அவர் பங்குக்கு வந்த நஞ்சையை விற்று, தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் ஒரு மாடி வைத்த சின்ன லாட்ஜைக் கட்டினோம். அவருடைய தம்பி தன் பங்கை விற்றுக் குற்றாலத்துக்குள்ளேயே ஒரு லாட்ஜ் கட்டினான்.

எங்கள் லாட்ஜில் வரவேற்பு மேசையில் நான்தான் உட்காருவேன். ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கிறாளே என்று நம்பி, குடும்பத்தோடு வருகிறவர்கள் எங்களிடம் வந்தார்கள். உடம்பெல்லாம் எண்ணெய் வழிய அருவிக்குப் போவார்கள். திரும்பி வந்ததும் சோப்பும் சீயக்காயுமாக மறுபடி ஒரு குளியல். அருவித் தண்ணீர் எண்ணெயை முழுக்கப் போக்காது அல்லவா? ஆளுக்கு நாலு வாளி என்றாலும் கிணறு என்னத்துக்கு ஆகும்?

ஒரு வருஷம் ஐப்பசி கார்த்திகை மழை சுத்தமாகப் பொய்த்துவிட்டது. அடுத்த ஆனியில் மலையில் சாரல் பிடித்து, ஐந்தருவியிலும் பேரருவியிலும் ஜனம் நெருக்கித் தள்ளியது. எங்கள் கிணற்றிலோ வாளி தரையைத் தட்டி மண்ணை அள்ளிக்கொண்டு வந்தது. மாட்டு வண்டியில் பீப்பாய் வைத்துத் தண்ணீர் வாங்கினோம். அது குடிக்கவும் குளிக்கவும் சரியாகப் போயிற்று. மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து, "கக்கூஸுக்கு ஊத்தத் தண்ணி இல்லையே, என்ன லாட்ஜ் நடத்துதீய?" என்று என் முகத்துக்கு நேரே சத்தம் போட்டார்கள்.

என் கணவர் அப்போது கட்டடத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். குளியலறைத் தண்ணீர் எல்லாம் சேர்ந்து நுரைத்துக்கொண்டு ஓடையில் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்க் கூப்பிட்டதற்கு, "கக்கூஸுக்கு இது போதுமே" என்றார்.

பட்டாளத்தில் அவர் இருந்த பிரிவுக்கு, முகாம் போடுகிற இடத்தில் தண்ணீர் ஏற்பாடு செய்வதுதான் வேலை. அந்த நினைப்பில் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். சீசன் முடிந்ததும் கொத்தனார் வந்து நின்றபோதுதான் அவர் நிஜமாகவே இறங்கிவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

"ஊரான் குளிச்ச தண்ணிய மாடிக்கு ஏத்தவா? எனக்குக் கொமட்டுது" என்றேன்.

"குளிக்கதுக்கா ஏத்துதேன்? கக்கூஸுக்கும் செடிக்கும்தான். கக்கூஸுல ஊத்துதது பன்னீரா இருக்கணுமா?"

பின்பக்கம் வரிசையாகத் தொட்டிகள் கட்டினார். முதல் தொட்டியில் எண்ணெயும் நுரையும் மேலே மிதக்க, அழுக்கு அடியில் படியும். அடுத்ததில் சரளையும் மணலும் அடுப்புக்கரியும் அடுக்கியிருந்தது. தண்ணீர் அதற்குள் மெல்ல இறங்கிக் கடைசித் தொட்டிக்கு வரும். அங்கே பிளீச்சிங் பவுடர் போட்டு, ஒரு சின்ன மோட்டார் வைத்து மாடியில் தனித் தொட்டிக்கு ஏற்றினார். கக்கூஸ் தண்ணீர் இதில் சேராமல் அது பாட்டுக்கு செப்டிக் டேங்குக்குப் போயிற்று. புதுத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்களுக்கெல்லாம் சிவப்புப் பெயின்ட் அடித்தார். கக்கூஸுக்குள் ஒவ்வொரு குழாய்க்கு மேலும், இது குடிக்கவோ குளிக்கவோ உரிய தண்ணீர் அல்ல என்று எழுதி வைத்தார்.

முதலில் அது சரியாக வரவில்லை. தண்ணீரில் அழுகின முட்டை வாடை அடித்தது. மாடியில் தங்கியிருந்த ஒரு வயதான வைதிகர் கீழே வந்து, இங்கே எந்தத் தண்ணீர் எது என்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். உடனே செம்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்தது. என் கணவர் பழைய மணலை அள்ளிக் கொட்டிவிட்டுப் புது மணல் போட்டார். கரியை மாற்றினார். தொட்டியில் தண்ணீர் தேங்கிக் கிடக்கவிடாமல் பார்த்துக்கொண்டார். கொஞ்சம் கொஞ்சமாக வாடை போய், தண்ணீர் லேசான சாம்பல் நிறத்தில் வந்தது. அடுத்த கோடையில் பக்கத்து லாட்ஜ்களெல்லாம் வண்டித் தண்ணீருக்குக் காத்துக் கிடக்க, எங்கள் கக்கூஸ்களில் தண்ணீர் இருந்தது. பின்னால் வாழையும் பப்பாளியும் தளதளவென்று நின்றன. நானும் குமட்டலை மறந்துபோனேன்.

நன்றாக நடக்கிறதே என்று அவர் சும்மா இருந்திருக்கலாம். அது அவர் சுபாவத்தில் கிடையாது. பட்டாளத்தில் எதற்கும் மேலே ஒருவர் வந்து பார்த்து, சரி அல்லது தப்பு என்று சொல்லிவிட்டுப் போவாராம். இங்கே பார்ப்பதற்கு ஆளில்லாமல் ஒரு காரியம் நடப்பது அவருக்கு உறுத்தியது. அந்தப் பகுதிக்கு ஒரு சுகாதார ஆய்வாளர் இருந்தார். சைக்கிளில் வந்து ஓட்டல் அடுப்படிகளையும் லாட்ஜ் கக்கூஸ்களையும் பார்த்துவிட்டுப் போவார். நல்ல மனுஷன், காபி கொடுத்தால்கூட வேண்டாம் என்பார். என் கணவர் அவரைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் காட்டினார்.

ஆய்வாளர் குனிந்து தண்ணீரைப் பார்த்தார், மோந்து பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா இத நான் எதுல சேக்க? சாக்கடைன்னா மூடணும். குடிதண்ணின்னா குளோரின் பாக்கணும். இது ரெண்டும் இல்லையே."

"அதத்தான் நானும் கேக்கேன் சார். நீங்க கண்டிஷன் போடுங்க. குழாய் தனியா இருக்கணும், பெயின்ட் அடிக்கணும், நல்ல தண்ணிக் குழாயோட எந்த இடத்துலயும் சேரக் கூடாது, மாசம் ஒருதரம் தண்ணிய எடுத்துச் சோதிக்கணும். என்ன வேணாலும் போடுங்க, நான் கட்டுப்படுதேன்."

"அண்ணாச்சி, விதி இருந்தால்லா நான் கண்டிஷன் போட முடியும்?"

எல்லாரும் அனுமதி கேட்டு அலைவார்கள். இவர் தன்னைக் கட்டுப்படுத்தச் சொல்லி அலைந்தார். பேரூராட்சி ஆபீஸில், இது சுகாதாரத்துறை விஷயம் என்றார்கள். சுகாதாரத்துறையில், கட்டடத்துக்குள் குழாய் போவதால் கட்டட அனுமதி கொடுக்கிறவர்கள்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். ஆலங்குளத்தில் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் சர்க்கார் ஆபீஸில் இருந்தார். அவர் மூலம் திருநெல்வேலியில் ஒரு பெரிய அதிகாரியைப் பார்க்க வழி கிடைத்தது. நானும் கூடப் போனேன்.

அந்த அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார்.

"வீட்டுல பாத்ரூம் தண்ணிய வாழைக்கு விடுதோம். அதுக்கு யாரும் விதி கேக்கதில்ல. நீங்க குழாய் போட்டு மாடிக்கு ஏத்திட்டிய. நான் சரின்னு எழுதிக் குடுத்தா நாளைக்கு நூறு பேரு ஏத்துவான். தப்புன்னு எழுத எனக்கு சட்டம் இல்ல. நல்லா நடக்குதுல்லா? அப்படியே நடத்துங்க. யார்ட்டயும் கேட்டுக்கிட்டு இருக்காதீய."

"நூறு பேரு ஏத்துவான்னு சொல்லுதீயளே சார், அவன் ஒழுங்கா ஏத்துதானான்னு யாரு பாக்கது?" என்றார் என் கணவர்.

அதிகாரி மேஜையில் இருந்த கண்ணாடி உருண்டையை நகர்த்தி வைத்தார். அதற்குப் பின் எங்களைப் பார்க்கவில்லை. நாங்கள் எழுந்து வந்து ஊருக்குப் பஸ் ஏறினோம்.

நூறு பேர் வரவில்லை. முதலில் வந்தவன் என் கொழுந்தன்தான். அவன் லாட்ஜ் எங்களுடையதைவிடப் பெரியது, கூட்டமும் அதிகம். எங்கள் கொத்தனாரையே கூட்டிக்கொண்டு போய்த் தொட்டி கட்டினான். முடிந்ததும் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினான். நானும் போயிருந்தேன். மாடியில் நல்ல தண்ணீர்த் தொட்டியும் இந்தத் தொட்டியும் பக்கம் பக்கமாக இருந்தன. இரண்டுக்கும் நடுவே ஒரு குழாய் போட்டு அதில் ஒரு வால்வு வைத்திருந்தான். அதைப் பார்த்ததும் என் கணவரின் முகம் மாறிப்போயிற்று.

"இது எதுக்குலே?"

"நல்ல தண்ணி நெறய இருக்கப்போ அதையே கக்கூஸுக்கும் விட்டுக்கிடலாம்லா? அதுக்குத்தான். எப்பவும் மூடியேதான் இருக்கும்."

"மூடியிருக்கது தொறக்கதுக்குத்தான்லே. நல்ல தண்ணி கொறஞ்சா இந்தத் தண்ணி அங்கன ஏறிரும். வெட்டி எடுத்துரு."

"நான் என்ன சின்னப் புள்ளையா அண்ணே? மதினி, நீங்களாவது சொல்லுங்க. எதுலயும் ஒரு கொறை கண்டுபிடிச்சாத்தான் அண்ணனுக்குத் தூக்கம் வரும்."

வெட்டச் சொல்லி நானும் கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, "பாக்கலாம் மதினி" என்றான். அவன் பாக்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம்.

என் கணவர் மறுநாளே ஆய்வாளரிடம் போனார். கூடப் பிறந்தவன்மேல் புகார் சொல்லப் போவது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். சட்டையைப் போடுவதும் கழற்றுவதுமாக வெகுநேரம் இருந்தார். ஆய்வாளர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு போய்ப் பார்த்தும் வந்தார். சாயங்காலம் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, இறங்காமலே பேசினார்.

"தம்பிட்ட சொன்னேன் அண்ணாச்சி. எந்த விதியில இருக்கு, காட்டுங்கன்னு கேட்டாவ. நான் எதைக் காட்ட?"

இரண்டு சீசன் ஒன்றும் நடக்கவில்லை. நாங்களும் கொஞ்சம் கொஞ்சமாக அதை நினைப்பதை விட்டோம். மூன்றாவது சீசனில், ஆடி மாதம், கூட்டம் தாங்க முடியாத ஒரு ஞாயிற்றுக்கிழமை கழிந்து மறுநாள் காலையில், கொழுந்தன் பெண்டாட்டி ஆள் அனுப்பினாள். லாட்ஜில் தங்கியிருந்த பலருக்கும் வாந்தியும் பேதியும். தென்காசி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வராந்தாவிலேயே பாய் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம். அப்பா, அம்மா, ஒரு பெண் குழந்தை. குழந்தைக்குப் பத்து வயதுகூட இருக்காது. கண் உள்ளே போய், உதடு வெடித்து, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் கிடந்தாள். அவள் அம்மாவுக்கே எழுந்து உட்கார முடியவில்லை. நான் குழந்தையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஸ்பூனால் ஊற்றினேன். ஊற்றியது அப்படியே கடைவாயில் வழிந்தது. அந்தக் கழுத்தின் கனம் இன்னும் என் கையில் இருக்கிறது.

கொழுந்தன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். அண்ணனைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தான்.

"கெணத்து மோட்டார் எரிஞ்சு போச்சு அண்ணே. அம்புட்டு ரூமும் சத்தம் போடுதாவ. அந்த வால்வைக் கொஞ்ச நேரந்தான் தொறந்தேன். சத்தியமா கொஞ்ச நேரந்தான்."

என் கணவர் அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தம்பியின் தோளில் கை வைத்தார். "வா, டாக்டர்ட்ட சொல்லிருவோம். என்ன தண்ணின்னு தெரிஞ்சாத்தான் அவரு அதுக்குத் தக்கன மருந்து குடுக்க முடியும்" என்றார்.

"வேண்டாம் அண்ணே. ஊரு பூரா வவுத்தால போவுது. அருவித் தண்ணின்னு நெனச்சுட்டுப் போவட்டும். என்னை உள்ள வச்சிருவானுவ."

என் கணவர் குழந்தையைப் பார்த்தார். அப்புறம் தனியாகவே உள்ளே போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

வெளியே வந்தபோது தம்பி அங்கே இல்லை. அன்றிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது. "கூடப் பொறந்தவனே காட்டிக் குடுத்துட்டான்" என்று அவன் ஊரெல்லாம் சொன்னான். அவர் செய்தது தப்பில்லை என்று நான் அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். ஆனால் தம்பியை நினைத்து அவர் சாப்பிடாமல் எழுந்த நாட்களில், தப்பில்லை என்று சொல்லி என்ன பயன்?

குழந்தையை டாக்ஸியில் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டாள். மற்றவர்களும் பிழைத்தார்கள். கொழுந்தனை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். சாதாரண அசுத்தம் என்று ஏதோ எழுதி எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். ஆய்வாளர் அவன் தொட்டியிலிருந்து ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார். வெகுநாள் கழித்துப் பதில் வந்தது. தண்ணீர் வந்து சேரத் தாமதமாகிவிட்டபடியால் சோதிக்க ஏற்றதல்ல என்று. ஆகவே அந்தத் தண்ணீரால்தான் வந்ததா, அந்தச் சமயத்தில் ஊரில் பலருக்கும் இருந்த வயிற்றுப்போக்குத்தானா என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது.

ஆனால் உத்தரவு உடனே வந்தது. இத்தனை வருஷம் ஒரு வரி எழுத முடியாதிருந்தவர்கள், இந்த மாதிரி அமைப்பு எங்கே இருந்தாலும் அடைத்துவிட வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். ஆய்வாளர் எங்கள் லாட்ஜுக்கும் வந்தார். கூட ஒரு கொத்தனாரும் சிமென்ட் சட்டியும்.

"உங்களுது ஒழுங்கா ஓடுதுன்னு எனக்குத் தெரியும் அண்ணாச்சி. எல்லாத்தையும்னு போட்டிருக்கு. நல்லது கெட்டது பிரிக்கதுக்கு எங்கையில என்ன இருக்கு?"

"நம்மளுதுல ரெண்டு தண்ணியும் சேர வழியே இல்ல சார். வந்து பாருங்க."

"பாத்திருக்கேன் அண்ணாச்சி."

கொத்தனார் குழாயின் வாயில் சிமென்டை வைத்து அழுத்தினார். அடைத்து முடிக்கிறவரை என் கணவர் அங்கேயே நின்றார். ஆய்வாளரும் நின்றார். நான் சமையல்கட்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். இருவரில் யாருக்காக வருத்தப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நாளில் அந்தக் குழந்தையின் அப்பா வந்தார். கொழுந்தன் லாட்ஜில் விட்டுப்போன துணிமணிகளை எடுக்க வந்தவர், யாரோ சொல்லி எங்களிடமும் வந்தார். சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று பயந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த காபியைக் குடித்தார். ஒல்லியான மனிதர். தீப்பெட்டி ஆபீஸில் வேலை என்றார்.

"பாப்பா எப்படி இருக்கா?" என்று கேட்டேன்.

"நடக்கா. முன்ன மாதிரி ஓடல. சரியாயிரும்னு டாக்டர் சொல்லுதாரு." பிறகு என் கணவரைப் பார்த்து, "நீங்கதான் உள்ளதச் சொன்னியன்னு சொன்னாவ. ஒண்ணு மட்டும் கேக்கேன். நீங்களும் இதே மாதிரிதான கட்டியிருந்திய? இது சரி, இது தப்புன்னு முன்னாலேயே ஒருத்தரும் வந்து சொல்லலையா?"

தான் ஆபீஸ் ஆபீஸாக அலைந்ததை என் கணவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. வியாதியில் கிடந்து எழுந்த பிள்ளையின் தகப்பனிடம் அதையெல்லாம் சொல்வது சாக்குப்போக்கு மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. "இல்ல" என்று மட்டும் சொன்னார். அந்த மனிதர் தலையை ஆட்டிவிட்டுத் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அதன்பின் லாட்ஜில் என் கணவருக்கு மனம் ஓடவில்லை. கோடையில் மறுபடியும் வண்டித் தண்ணீர், பிறகு டேங்கர் லாரித் தண்ணீர். லாரிக்காரர்கள் குத்துக்கல்வலசைப் பக்கம் வயல் கிணறுகளிலிருந்து எடுத்து வந்தார்கள். ஒரு பக்கம் குளித்த தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடையில் போகும், மறுபக்கம் பயிருக்குப் போக வேண்டிய தண்ணீர் கக்கூஸுக்கு வந்து இறங்கும். அவர் பின்பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். வாழையெல்லாம் காய்ந்தது. ஆய்வாளருக்கு மாற்றல் வந்தது. போகும்போது சொல்லிக்கொள்ள வந்தார். அன்றைக்கு முதல்தடவையாக எங்கள் வீட்டில் காபி குடித்தார்.

கொழுந்தன் லாட்ஜை விற்றுவிட்டு மனைவியின் ஊர்ப் பக்கம், செங்கோட்டையைத் தாண்டிப் போய் மரக்கடை வைத்தான். எங்கள் மூத்த மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க நான் போனேன். வாசலிலேயே நிறுத்தாமல் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தான். "வாரேன் மதினி" என்றும் சொன்னான். முகூர்த்தம் முடிகிறவரை என் கணவர் மண்டப வாசலைப் பார்த்துப் பார்த்து நின்றார். அவன் பெண்டாட்டி மட்டும்தான் வந்தாள்.

எண்பதுகள் முடிவதற்குள் நாங்கள் லாட்ஜைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அதை ஒட்டியிருந்த வீட்டில் இருந்துகொண்டோம். குத்தகைக்காரர் கெட்டிக்காரர். வந்த கையோடு ஆழ்துளைக் கிணறு போட லாரி கொண்டுவந்தார். பகல் முழுக்க அந்த மெஷின் வீட்டையே ஆட்டியது. தண்ணீர் பீறிட்டபோது தெருவே கூடி நின்று பார்த்தது. என் கணவர் மட்டும் கட்டிலை விட்டு எழவில்லை. அவரிடம் போய், "யார்ட்டயும் அனுமதி கேட்டாரா இவரு?" என்றேன். "கேக்கணும்னு இல்லையாம்" என்றார்.

அந்தக் கோடையில் பக்கத்துத் தெருவில் ஒவ்வொரு கிணறாக வற்றியது. பின்வீட்டில் இருந்த பெண் இடுப்பில் குடத்தோடு வந்து எங்கள் வாசலில் நின்றாள். "அக்கா, எங்க கெணத்துல சேறுதான் வருது" என்றாள். குத்தகைக்காரரிடம் சொல்லி அவளுக்கு இரண்டு குடம் பிடித்துக் கொடுத்தேன். மறுநாள் அவளோடு இன்னும் மூன்று பேர் வந்தார்கள். குத்தகைக்காரர் என்னைப் பார்த்து, "தெனமும்னா கட்டுப்படி ஆகாது பாத்துக்கிடுங்க" என்றார். அதை அந்தப் பெண்களிடம் நான்தான் சொல்ல வேண்டும். வாசலுக்குப் போய் அவர்களோடு நின்றுகொண்டேன்.